இருபத்திரண்டு தட்டுப் பழம்

கனிஷாய் எங்கள் ஊரான அக்-ஜாருக்கு மருமகளாக வந்தது 1994 செப்டம்பர் 17, சனிக்கிழமை. அடுத்த வாரமே மருத்துவ நிலையத்தின் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக நடக்கத் தொடங்கிவிட்டாள். பத்தொன்பது ஆண்டுகள் அந்த வேலை பார்த்தாள். அந்தக் காலத்தில் ஊரில் வளர்ந்த பிள்ளைகளில் அவள் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரும் வெளியூரில் ஊசி போட்டுக்கொண்டு பிறகு இங்கே வந்தவர்கள்.

2014 வசந்தத்தில் உலர் ஏப்ரிகாட் பழக் கூட்டுறவு தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்ப் பழத்தைச் சோதிக்கும் உள் ஆய்வாளராக யாரைப் போடுவது என்ற பேச்சு இரண்டு கூட்டங்களுக்கு இழுத்தது. தலைவர் எர்கேஷ்தான் முடித்து வைத்தான். "கனிஷாய் அக்காவையே போடுவோம். மத்தவங்களை அனுப்பினா பாதி வீட்டுல நாய் உள்ள விடாது. அக்காவைப் பாத்தா எல்லா நாயும் வாலாட்டும்." கூட்டக் குறிப்பை எழுதியவன் நான். இந்தக் காரணத்தையும் எழுதி வைத்தேன். எர்கேஷ் அதை அடித்துவிடச் சொன்னான். அடிக்கவில்லை.

கூட்டுறவில் எண்பத்து மூன்று வீடுகள். எர்கேஷ் பேச்சில் எண்பத்து நான்கு என்பான், அது தவறு. பன்னிரண்டாம் எண் காலி. அந்த வீட்டார் 2019-ல் ரஷ்யாவுக்குப் போகும்போது மரங்களை அண்ணனிடம் விட்டுப் போனார்கள், அண்ணன் பதினோராம் எண். மரங்கள் அவரவருடையவை. பழத்தைப் பிளந்து கொட்டை எடுத்து, மரத்தட்டுகளில் பரப்பி, வெயிலில் மட்டுமே காயவைத்து, மூட்டை கட்டிக் கூட்டுறவுக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். கந்தகப் புகை காட்டக் கூடாது. புகை காட்டினால் பழம் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும், ரஷ்யச் சந்தையில் அதற்குத்தான் மதிப்பு. புகை காட்டாத பழம் பேரீச்சம்பழம் மாதிரிக் கறுத்துப்போகும். எங்கள் பக்கத்துக் கல்யாண விருந்தில் அதை வைத்தால் பெண்வீட்டார் முகம் சுளிப்பார்கள். அந்தக் கறுத்த பழத்தைத்தான் ஜெர்மனியிலுள்ள ஒரு வியாபாரி கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார், ஆர்கானிக் சான்றிதழ் இருந்தால்.

பத்தாண்டுகள் சான்றிதழ் பெரிய தொல்லை தரவில்லை. பிறகு ஐரோப்பாவில் விதி மாறியது. எங்கள் விதிகள் அவர்கள் விதிகளுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தால் போதும் என்பது போய், அவர்கள் விதியையே வரிக்கு வரி நாங்களும் பின்பற்ற வேண்டும் என்று வந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் வீட்டெண், வரிசை எண். ஒவ்வொரு வீட்டுப் பழத்திலும் ஒரு கண்ணாடிச் சாடி நிறைய எடுத்து முத்திரையிட்டு வைக்க வேண்டும். பத்துப் பத்து வீடுகளின் பழத்தைக் கலந்து ஒவ்வொரு மாதிரி எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு வீட்டின் தவறு எது, எங்கிருந்து வந்தது என்று குறித்த நாளுக்குள் காட்ட முடியாவிட்டால், அந்த வீடு மட்டுமல்ல, கூட்டுறவு முழுவதற்கும் சான்றிதழ் நின்றுவிடும்.

உள் ஆய்வாளர் தன் உறவினர் வீட்டை ஆய்வு செய்யக் கூடாது என்றும் ஒரு விதி. உறுப்பினர்களில் உங்கள் உறவினர் யார் யார் என்று ஒரு படிவம் வந்தது. கனிஷாய் நேர்மையானவள். எங்களில் ஏழு தலைமுறைத் தகப்பன் பெயர் தெரியாதவனை மனிதனாகவே மதிப்பதில்லை. அவள் கணவன் வழியில் ஏழு தலைமுறையும், சொந்த வழியில் ஏழு தலைமுறையும் எண்ணி, மூன்று நாள் உட்கார்ந்து அறுபத்தொரு வீடுகளை எழுதி அனுப்பினாள். சான்றிதழ் நிறுவனத்தின் ஆய்வாளர் தல்கார்பெக் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, இதுல புருஷன், புள்ளை, அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, சம்பந்தி, அவ்ளோதான் கேக்கறாங்க."

"மத்தவங்கல்லாம் உறவு இல்லியா?"

"உறவுதான். ஆனா அவங்க படிவத்துல இல்ல."

"அப்ப படிவத்துலதான் கோளாறு" என்றாள் கனிஷாய். இருந்தாலும் மறுபடி எழுதினாள். நான்கு வீடுகள் ஆனது. அவற்றில் ஒன்று அவளுடைய சொந்த வீடு, நாற்பத்தோராம் எண். அந்த நான்கையும் பக்கத்து ஊர்க் கூட்டுறவின் ஆய்வாளர் வந்து பார்த்தார்.

2025 ஜூலை முதல் தேதியிலிருந்து இருபத்தைந்தாம் தேதி வரை கனிஷாய் மீதி எழுபத்தொன்பது முற்றங்களிலும் ஏறி இறங்கினாள். காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டும் நேரத்துக்குத் திரும்புவாள். அவள் வீட்டுப் பழத்தை அவள் கணவன் சதிபால்டிதான் பார்த்துக்கொண்டான். ஓய்வுபெற்ற டிராக்டர் ஓட்டுநர், அதிகம் பேசாதவன்.

ஆகஸ்டில் எல்லா வீட்டு மூட்டைகளும் கொட்டகைக்கு வந்தன. மொத்தம் பதினெட்டு டன் அறுநூற்று நாற்பது கிலோ. மாதிரிகள் போயின. செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. எட்டு மாதிரிகள் சுத்தம். ஐந்தாம் மாதிரியில், அதாவது நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பது வரையிலான வீடுகளில், கந்தகம். கிலோவுக்குப் பத்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, முப்பத்தொன்று இருந்தது. மூலத்தைக் காட்டப் பத்து நாள் அவகாசம். 19-ஆம் தேதி மாலைக்குள் காட்டாவிட்டால் பதினெட்டு டன்னும் சாதாரணப் பழமாகப் போக வேண்டியதுதான். சாதாரணப் பழமாகப் போனால் கறுத்த பழத்தை யார் வாங்குவார்கள்? எண்பத்து மூன்று வீடுகளின் ஓராண்டு உழைப்பு ஆட்டுத் தொட்டிக்குத்தான் போகும்.

மறுநாள் காலை எர்கேஷ் பத்கென் நகரத்துக்குப் போயிருந்தான். கனிஷாய் தனியாகக் கொட்டகைக்குப் போய், பத்துச் சாடிகளை எடுத்து வைத்து, முத்திரை உடைத்து, வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாகக் கொட்டினாள். ஒன்பது குவியல்கள் ஒரே பழுப்பு. நாற்பத்தோராம் எண்ணின் குவியலில் மட்டும் மூன்று பழங்கள் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் கிடந்தன.

கொட்டகையில் பழத்தைத் தரம் பிரித்த பெண்கள் இதைப் பார்க்காமல் விட்டவர்கள் அல்ல. கனிஷாய் வீட்டில் ஒரு மரம் சுப்கானி இனம், அதன் பழம் காய்ந்தாலும் வெளிறித்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அதுதான் இது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஏப்ரல் 7-ஆம் தேதி விடியற்காலை பனி விழுந்து, மைனஸ் மூன்று டிகிரி ஆகி, அந்த மரத்தில் பூ முழுவதும் கருகிவிட்டது. அந்த ஆண்டு அதில் ஒரு காய்கூட இல்லை. அது வீட்டுக்காரிக்குத் தெரியும்.

அவள் பழங்களைத் திரும்பச் சாடியில் போட்டு வீட்டுக்கு வந்தாள். சதிபால்டி தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அன்று அவர்களுக்குள் நடந்ததை அவனே பின்னால் எனக்குச் சொன்னான்.

"சுப்கானி இந்த வருஷம் காய்க்கவே இல்லியே. நம்ம மூட்டையில வெளிறின பழம் எங்கேர்ந்து வந்துச்சு?"

சதிபால்டி தேநீரை ஊதினான். "சொன்னா கோவிப்பே."

"சொல்லாட்டியும் கோவிப்பேன். சொல்லிட்டா நேரமாவது மிச்சம்."

ஜூலை 14-ஆம் தேதி அவர்கள் சம்பந்தி பூபுசாரா அம்மாளின் வீட்டிலிருந்து லாரி வந்ததாம். பழம் ஒரேயடியாகப் பழுத்துவிட்டது, தட்டு போதவில்லை, நாற்பது தட்டு வேண்டும் என்று கேட்டார்களாம். சம்பந்தி கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்தான். ஐந்தாம் நாள் தட்டுகள் திரும்பி வந்தன. பதினெட்டு வெறுமையாக, இருபத்திரண்டு நிறையப் பழத்துடன், மேலே பூப்போட்ட துணி மூடி.

"இருபத்திரண்டு தட்டா?"

"வெறுந்தட்டாவா திருப்பி அனுப்புவாங்க? சம்பந்தி வீடு. ஒரு கிண்ணம் கடன் வாங்கினாலே உள்ள எதையாவது வச்சுத்தான் குடுப்பாங்க. நாப்பது தட்டு வாங்கியிருக்காங்க."

"ஆட்டுக்குப் போட்டிருக்கலாமே!"

"சம்பந்தி குடுத்ததை ஆட்டுக்குப் போடறதா? அந்த ஆடு தெருத்தெருவாப் போய்ச் சொல்லிடும். பாதி காஞ்சிருந்துச்சு. நம்ம பழத்தோட பரப்பி மீதியையும் காய வச்சேன்."

"கந்தகம் போட்ட பழம்னு வாசனை தெரியலியா உங்களுக்கு? மூக்கு எங்க போச்சு?"

"சளி" என்றான் சதிபால்டி.

கனிஷாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாளாம். அவன் சொன்னான்: "சாடியைத் தொறந்தது நீ மட்டும்தானே. நல்ல பழத்தைப் போட்டு மூடிடு. யாருக்குத் தெரியும்?"

"மூடிடலாம். அப்புறம் பத்து வீட்டுல எந்த வீடுன்னு யாருக்கும் தெரியாது. யாருன்னு தெரியலேன்னா எல்லார் பழமும் போகும். நம்ம பழமும் சேர்த்துத்தான்."

"எழுதினா நுர்சாத் கதி?"

நுர்சாத் அவர்களுடைய ஒரே மகள். பூபுசாரா அம்மாளின் இளைய மகனுக்கு வாழ்க்கைப்பட்டு அப்போது மூன்றாம் ஆண்டு. மாமியார் வீட்டில் கடைசி மருமகள் என்றால் காலையில் முதலில் எழுந்து இரவில் கடைசியாகப் படுப்பவள். அந்த வீட்டின் பெயரை ஒரு குற்றத் தாளில் எழுதினால் அதன் சூடு முதலில் யார்மேல் விழும் என்பதற்கு யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை கனிஷாய் எர்கேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். தன் வீட்டைத் தானே எழுதுவது கனிஷாய்க்குக் கடினமில்லை, அதை எழுதிக்கொண்டுதான் வந்திருந்தாள். பதினேழு மூட்டைகள், நானூற்றுப் பன்னிரண்டு கிலோ, நாற்பத்தோராம் எண், காரணம். தொல்லை படிவத்தின் அடுத்த கட்டத்தில். மாசு வந்த இடம், தேதி, அளவு, பயன்படுத்திய பொருள், அந்த இடத்துக்காரரின் கையெழுத்து.

"அக்கா, இந்தக் கையெழுத்தை வாங்க நான் வரமாட்டேன். உங்க சம்பந்தியம்மாவை எங்க சித்தப்பா கல்யாணத்துல பாத்திருக்கேன். சமையல்காரனையே அழ வச்சாங்க."

"உன்னை யாரு கூப்பிட்டா? சம்பந்தி வீட்டுக்குப் போறதுக்குத் தலைவர் எதுக்கு?"

சனிக்கிழமை, 13-ஆம் தேதி, மினி பஸ் ஏறி இருபத்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சம்பந்தி ஊரான சாய்-தொபேவுக்குப் போனாள். வெறுங்கையோடு போக முடியாது. ஐந்து கிலோ அரிசி, ஒரு பெட்டி தேயிலை, ஒரு பட்டு முக்காடு எடுத்துப் போனாள். பூபுசாரா அம்மாளுக்கு அப்போது அறுபத்தொரு வயது. அகன்ற உடம்பு, அதைவிட அகன்ற குரல். முற்றத்தில் புகை காட்டிய பழம் ஆரஞ்சுப் பாய் விரித்தாற்போல் பரந்து கிடந்தது.

விரிப்பு விரித்தார்கள். ரொட்டி, வெண்ணெய், திராட்சை. நுர்சாத் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, கிண்ணத்தில் பாதிபாதியாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, பார்த்தால் பேச வேண்டியிருக்கும். மூன்று தடவை தேநீர்ச் சாடி நிரம்பியது. மாட்டின் நலம், மழையின் நலம், மாஸ்கோவிலிருக்கும் பிள்ளைகளின் நலம் எல்லாம் கேட்டு முடிந்தது.

"சம்பந்தியம்மா, ஜூலையில நீங்க அனுப்பின பழத்தைப் பத்தி ஒரு வார்த்தை" என்று தொடங்கினாள் கனிஷாய்.

"ஏன், பத்தலியா?"

"நெறையவே இருந்துச்சு."

"இனிப்பு கம்மியா?"

"இனிப்புக்கு என்ன குறை? அதுல கந்தகம் பட்டிருந்துச்சு."

"பட்டிருந்துச்சாவது! நானே கூட நின்னு தார்ப்பாய் மூடி, ஒரு புகை நல்லாப் போட்டு அனுப்பினேன். எங்க வீட்டுக்கு வச்சுக்கறதுக்குக்கூட அவ்ளோ பாத்துப் போட மாட்டேன். புகை போடாத கருப்பை சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினா ஊர்ல என்னை என்ன பேசுவாங்க?"

சிறந்தது என்று நினைத்துச் செய்ததைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? கனிஷாய் மெதுவாக, ஆய்வகம், முப்பத்தொன்று, பத்து நாள், எண்பத்து மூன்று வீடு என்று எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பூபுசாரா அம்மாள் படிவத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலேயே நின்றார்.

"மாசு வந்த இடம்." உரக்க வாசித்தார். "மாசு. என் வீடா மாசு?"

நுர்சாத் தேநீர்ச் சாடியைக் கீழே வைத்தாள்.

"தலைப்பு நான் எழுதினதில்ல சம்பந்தியம்மா. அது ஜெர்மன்காரங்க அச்சடிச்சது."

"அவங்க அச்சடிச்சா நான் கையெழுத்துப் போடணுமா? நாளைக்கு என் பேரன் படிச்சிட்டு, பாட்டி, நீ மாசான்னு கேப்பான். போடமாட்டேன். உன் எண்பத்து மூணு வீட்டுக்காரனும் வந்து வரிசையா நின்னாலும் போடமாட்டேன்."

"போட வேண்டாம்."

"வேண்டாமா?"

"வேண்டாம். கட்டாயப்படுத்த நான் வரல. என் வீட்டை நான் எழுதிட்டேன். இந்தக் கட்டத்தைக் காலியா விட்டு அனுப்பறேன். அவங்க ஏத்துக்கிட்டா பாப்போம், இல்லேன்னா போச்சு."

கனிஷாய் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். இது தந்திரமா என்று பின்னால் நான் கேட்டேன். இல்லை, களைப்பு என்றாள்.

பூபுசாரா அம்மாள் சிறிது நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "என்னம்மா, ஒங்கம்மா என்னைப் பொய் சொல்றவளா நெனைக்கறாங்களா?" என்றார்.

"இல்ல அத்தை" என்றாள் நுர்சாத். அந்த விரிப்பில் அன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

"பொய் சொல்றவங்ககிட்டதான் கையெழுத்து கேப்பாங்க. எனக்கு எதுக்கு? நான் குடுத்த அன்னிக்கே எழுதிட்டேன்."

உள்ளே போய்த் தடித்த அட்டை நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இந்த நோட்டு இருக்கும்: கல்யாணத்துக்கு, சாவுக்கு, தொட்டில் விழாவுக்கு யார் என்ன கொண்டுவந்தார்கள், நாம் யாருக்கு என்ன கொடுத்தோம் என்பது. மற்ற வீடுகளில் அது விழாவுக்கு விழா எழுதுவது. பூபுசாரா அம்மாள் அன்றாடம் எழுதுகிறவர். சம்பந்திகளுக்குத் தனிப் பகுதி, கனிஷாய்க்கு ஒன்பது பக்கம். ஜூலை 19-க்கு நேராக இப்படி இருந்தது: "தட்டு 40 திருப்பியது. 22 தட்டில் பழம், அரைக் காய்ச்சல், ஒரு புகை, கந்தகம் இரண்டு கிலோப் பொட்டலத்தில் பாதி, பழம் 96 கிலோ. துணி ஒன்று."

"பாரு. இதுல மாசுன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"மேல என்ன எழுதியிருக்கு? படி."

"பரிசு."

"ம். அதைப் படம் புடிச்சுக்கோ."

கனிஷாய் கைபேசியில் படம் பிடித்தாள். பூபுசாரா அம்மாளின் விரல் வலப்பக்கத்து வரிசைக்குப் போனது. "திரும்ப வந்தது" என்ற தலைப்பின் கீழ் அந்த வரி மட்டும் காலியாக இருந்தது. "இது ஏன் ரெண்டு மாசமா காலியா இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் புரியுது."

கனிஷாய் பையிலிருந்து அரிசியும் தேயிலையும் முக்காடும் எடுத்து விரிப்பில் வைத்தாள். வந்தவுடனே கொடுத்திருக்க வேண்டியது, பதற்றத்தில் மறந்திருந்தாள்.

பூபுசாரா அம்மாள் முக்காட்டை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "தொண்ணூத்தாறு கிலோவுக்கு ஒரு முக்காடு. எழுதிக்கறேன். பாதிக் கட்டம்தான் ரொம்புது."

செவ்வாய்க்கிழமை, 16-ஆம் தேதி தல்கார்பெக் வந்தார். கொட்டகையில் எர்கேஷ், கனிஷாய், நான். சாடியைப் பார்த்தார், தரம் பிரித்த பதிவைப் பார்த்தார். நாற்பத்தோராம் வீட்டு மூட்டைகளில் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகியவற்றில் மட்டும் "வெளிறியது, சுப்கானி" என்று பெண்கள் எழுதியிருந்தார்கள். அரைக் காய்ச்சல் தொண்ணூற்றாறு கிலோ முழுதும் காய்ந்தால் ஏறத்தாழ ஐம்பது கிலோ வரும், மூன்று மூட்டைகளில் சிதறினால் கணக்கு ஒத்துப்போகிறது என்று தாளில் போட்டுப் பார்த்தார். பிறகு நோட்டின் படத்தைப் பெரிதாக்கினார்.

"அக்கா, இது பரிசு நோட்டாச்சே."

"ஆமா. இதைவிட ஒழுங்கா எங்க பக்கத்துல வேற எதையும் எழுதறதில்ல."

அவர் சிரித்துவிட்டார். "எங்கம்மாகிட்டயும் ஒண்ணு இருக்கு. என் கல்யாணத்துக்கு வந்த குக்கர் எத்தனை லிட்டர்னு இன்னிக்கும் சொல்லுவாங்க." பிறகு முகத்தை அலுவலக முகமாக மாற்றிக்கொண்டார். "படம் மட்டும் போதாது. எழுதினவங்க வாயால உறுதி பண்ணணும். நம்பரைக் குடுங்க."

ஒலிபெருக்கியில் போட்டார். பூபுசாரா அம்மாள் எடுத்தார்.

"வணக்கம் அம்மா. சான்றிதழ் ஆய்வாளர் தல்கார்பெக் பேசறேன். ஜூலை பத்தொன்பதுல..."

"நீ எந்த ஊருப்பா?"

"பிஷ்கெக். ஜூலை பத்தொன்பதுல நீங்க..."

"பிஷ்கெக்ல யாரும் பொறக்கறதில்ல. ஒங்கப்பா எந்த ஊரு? எந்தக் குலம்?"

"அது வந்து, எங்கப்பா லேய்லெக் பக்கம்..."

"லேய்லெக்கா! எங்கம்மா பொறந்த மண்ணு! தாத்தா பேரு என்ன?"

தல்கார்பெக்கின் முகம் மாறியது. "அம்மா, தயவு செஞ்சு அதுக்கு மேல கேக்காதீங்க. நாம உறவுன்னு வந்துட்டா இந்த ஆய்வை நான் செய்யக் கூடாது. இன்னொருத்தர் வரணும், அதுக்கு நாள் இல்ல."

எர்கேஷ் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்கு வெளியே ஓடினான்.

"சரி, கேக்கல. ஆனா நீ என் பேரன் மொறையா இருப்பேன்னு நெனைக்கறேன். எழுதிக்கோ: இருபத்திரண்டு தட்டு, தொண்ணூத்தாறு கிலோ, ஒரு புகை. சந்தேகம் இருந்தா நேர்ல வா, நோட்டைக் காட்டறேன். சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"ஆய்வு நேரத்துல சாப்பிடக் கூடாதும்மா."

"அதுவும் விதியா? பாவம்" என்று வைத்துவிட்டார்.

கையெழுத்துக் கட்டத்தில் "தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது, மூலப்பதிவின் படம் இணைப்பு" என்று தல்கார்பெக் எழுதினார். மாசு வந்த இடம் என்பதற்கு நேராகச் சிறிது யோசித்து, "நாற்பத்தோராம் எண் வீட்டுக்குப் பரிசாக வந்த உறுப்பினரல்லாதோர் பழம்" என்று எழுதினார். பூபுசாரா அம்மாள் வீட்டின் பெயர் இணைப்பில் மட்டும் இருந்தது. அப்படி எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

18-ஆம் தேதி, வியாழன், மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்குப் பதில் வந்தது. நாற்பத்தோராம் எண்ணின் பதினேழு மூட்டைகளையும் நீக்கிவிட்டு மீதி பதினெட்டாயிரத்து இருநூற்று இருபத்தெட்டு கிலோ போகலாம். நாற்பத்தோராம் எண்ணுக்கு ஓராண்டு இடைநீக்கம். இடைநீக்கம் செய்யப்பட்ட வீட்டார் உள் ஆய்வாளராக இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைக் கனிஷாயே எழுந்து வாசித்தாள். குரல் எங்கும் தடுமாறவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "ஊருக்கெல்லாம் ஊசி போட்டவ, கடைசியில தனக்கே போட்டுக்கிட்டா" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் அவரை அதட்டினார்கள். அவள் தாளை மடித்தபடி, "வலிக்குது அண்ணே. ஆனா காய்ச்சல் வராது" என்றாள்.

அன்றே உள்விதிகளில் ஒரு வரி சேர்த்தோம். தட்டு கடன் கொடுக்கக் கூடாது என்று எழுதத்தான் எர்கேஷ் விரும்பினான். ஒருவரும் கை தூக்கவில்லை. தட்டு கேட்டு இல்லை என்று சொல்கிற ஊரில் எப்படிக் குடியிருப்பது என்று கேட்டார்கள். சரி, திரும்பும் தட்டை வெறுமையாக அனுப்பச் சொல்லலாம் என்றான். அதற்கு இன்னும் பெரிய கூச்சல். ஒன்றரை மணி நேரம் கழித்து இப்படி முடிந்தது: "கடன் வாங்கிய தட்டைத் திருப்பும்போது அதில் பழம் வைக்கக் கூடாது. ரொட்டி, முட்டை, தயிர் வைக்கலாம். தட்டைக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்." எழுபத்தெட்டு பேர் ஆதரவு. தயிர் சிந்தும் என்று ஐந்து பேர் எதிர்ப்பு.

பதினேழு மூட்டைகளைச் சதிபால்டி பத்கென் சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்கு விற்றான். கறுப்புப் பழத்துக்கு நடுவே வெளிறிய பழம் கிடந்ததைப் பார்த்து, அதுதான் நல்ல பழம் என்று பொறுக்கி எடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னான். கனிஷாய் அன்று அவனோடு பேசவில்லை.

பூபுசாரா அம்மாளிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. செப்டம்பர் முடிந்தது, அக்டோபர் முடிந்தது. நுர்சாத் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவாள். நல்லா இருக்கேன்மா என்பாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருமுறை, அத்தை எப்படி இருக்காங்க என்று கேட்டதற்கு, "உன்னைப் பத்திப் பேசறதில்ல. திட்டறதும் இல்ல" என்றாள். அது நல்லதா கெட்டதா என்று கனிஷாய் என்னிடம் வந்து கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஊர்ப் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்து தங்கிப் போகிற காலம் அது. நுர்சாத் வரவில்லை. அனுப்பச் சொல்லிக் கேட்கும் நிலையில் இவளும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை மதியம் லாரி வந்து நின்றது. முன்னிருக்கையிலிருந்து பூபுசாரா அம்மாள் இறங்கினார். புதுப் பட்டு முக்காடு கட்டியிருந்தார். முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, சுவரோரம் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்து, உள்ளே வந்து உட்கார்ந்தார். இந்த முறை மூன்று சாடித் தேநீருக்கு அவர் காத்திருக்கவில்லை.

"அந்தக் கருப்புப் பழத்துக்கு ஜெர்மன்காரன் கிலோவுக்கு எவ்ளோ குடுக்கறான்?"

கனிஷாய் சொன்னாள்.

"பொய்."

"எர்கேஷைக் கேளுங்க."

"அவன் என்னைப் பாத்தா ஓடறான். சரி, நான் சேரணும்னா?"

"மருந்து அடிக்காம, உரம் போடாம மூணு வருஷம் மரத்தை வச்சிருக்கணும். அப்புறம்தான் சான்றிதழ். புகை போடவே கூடாது."

"மூணு வருஷமா? அதுக்குள்ள நான் செத்துப்போயிடுவேன்."

"நோட்டுல வரவேண்டிய பாக்கி இருக்கே, அதை வாங்காம நீங்க எங்க சாகப் போறீங்க?"

பூபுசாரா அம்மாள் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சேர்வதாகவும் சொல்லவில்லை, சேரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், "இறங்கும்மா, எவ்ளோ நேரம் அங்கயே உக்காந்திருப்பே?" என்று லாரியைப் பார்த்துக் கத்தினார்.

உள்ளேயிருந்து நுர்சாத் இறங்கினாள், கையில் ஒரு துணி மூட்டையுடன்.

"மூணு நாள்னு கேட்டா. பத்து நாள் இருக்கட்டும். வீட்டுல மத்த மருமகளுங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பூபுசாரா அம்மாள் லாரியில் ஏறிக்கொண்டார்.

நுர்சாத் நவம்பர் 24, திங்கட்கிழமை காலை திரும்பிப் போனாள். சரியாகப் பத்து நாள்.